இதயத்துக்கு எதற்கு எம்ஆர்ஐ? உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருந்தால் எடுக்கலாமா?

"அஞ்சியோகிராம் செய்து பாத்தாச்சு, அடைப்பு ஒண்டும் இல்லையாம். பிறகேன் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுகினம்?" இதயக் கிளினிக் முடிந்து கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வெளியே வருகிறவர்கள் கேட்கிற கேள்வி இது. அந்தச் சீட்டைக் கொண்டுபோய் ஸ்கான் எடுக்கும் இடத்தில் கொடுத்தால் இரண்டாவது குழப்பம் வருகிறது. அங்கே முதலில் விசாரிப்பது நெஞ்சுவலியை அல்ல, "உடம்புக்குள்ளே ஏதாவது இரும்பு இருக்கா?" என்று. வேறு ஊர்களில் பலரும் யோசிக்காமல் "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போரில் பட்ட செல் துண்டை உடம்பில் சுமப்பதால், இலங்கையின் வடக்கே வன்னியில் அப்படிச் சொல்ல முடியாதவர்கள் ஏராளம்.

இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்த மெஷின் வேலை செய்கிற விதத்தில்தான் இருக்கிறது, ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

மற்றச் சோதனைகள் எங்கே நின்றுவிடுகின்றன

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பம்ப் சரியாக இறைக்கவில்லை என்றால் மூன்றைப் பார்ப்போம்: கரண்ட் ஒழுங்காக வருகிறதா, குழாய் எங்காவது அடைத்திருக்கிறதா, பம்பே பழுதா. இதயத்திலும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

1. ஈசீஜி கரண்டைப் பார்க்கிறது. துடிப்பின் ஒழுங்கு, மின்னோட்டம் போகிற பாதை, இப்போது மாரடைப்பு நடக்கிறதா என்பதற்கான அடையாளம் எல்லாம் அதில் தெரியும். ஐந்து நிமிட வேலை, எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் செய்யலாம்.

2. எக்கோ ஒலியலையால் பார்க்கிறது. வால்வு திறந்து மூடுவதும் சுவர்கள் சுருங்கி விரிவதும் கண்முன்னே ஓடும். ஒலியலை காற்றையும் எலும்பையும் தாண்டிப் போகாது, அதனால் நுரையீரல் மறைக்கிற பகுதியும் உடம்பு பருத்தவர்களின் இதயமும் மங்கலாகத்தான் தெரியும்.

3. அஞ்சியோகிராம் குழாயைப் பார்க்கிறது. மணிக்கட்டிலோ தொடையிலோ மெல்லிய குழாயை ஏற்றி, இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கிற நாடிகளுக்குள் சாயம் விட்டு எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். அடைப்பு இருந்தால் அந்த இடத்தை விரித்துப் பிடிக்கிற வலைக்குழாயான ஸ்டென்டை அப்போதே வைக்கவும் முடியும்.

4. ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை, இதயத் தசைக்குக் காயம் பட்டிருக்கிறது என்று சொல்லும். எங்கே, எதனால் என்று சொல்லாது.

இந்த நான்கும் தொடாத ஒன்று இருக்கிறது, அது தசை. எக்கோவில் ஒரு சுவர் சோர்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தசை செத்துத் தழும்பாகிப் போயிருக்கலாம். சாகாமல், இரத்தம் போதாததால் வேலையைக் குறைத்துக்கொண்டு ஒருவிதத் தூக்கத்தில் இருக்கலாம். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வீங்கியிருக்கலாம், அல்லது இரும்பு படிந்திருக்கலாம். எக்கோவில் நான்கும் ஒரே மாதிரிச் சோர்ந்த சுவராகத்தான் தெரியும், வைத்தியமோ நான்குக்கும் வேறுவேறு.

மாரடைப்பு என்று அனுமதிக்கப்படுகிறவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்கு அஞ்சியோகிராமில் பெரிய அடைப்பு எதுவும் இருப்பதில்லை. நெஞ்சுவலி உண்மை, ட்ரோபோனின் கூடியிருந்ததும் உண்மை, குழாய் மட்டும் சுத்தம். அப்படிப்பட்டவருக்கு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தால் பலரும் நினைப்பதுபோல அது அலைக்கழிப்பு அல்ல. இரத்தக்கட்டி ஒன்று வந்து அடைத்துத் தானாகக் கரைந்து போனதா, அல்லது தசை அழற்சியா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். முதலாவதுக்கு ஆயுள் முழுவதும் மருந்து போகலாம், இரண்டாவதுக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

காந்தம் எப்படிப் படம் எடுக்கிறது

எம்ஆர்ஐயைத் தமிழில் காந்தப் பரிவுப் படமாக்கல் என்கிறார்கள். இதில் கதிர்வீச்சு ஆபத்து இல்லை, எக்ஸ்ரேயும் சீரீ ஸ்கானும் வேறு சாதி, இது வேறு சாதி. வேலை செய்வது மூன்று பொருட்கள்: பெரிய காந்தம், வானொலி அலை, நம் உடம்பில் இருக்கிற தண்ணீர்.

தண்ணீரில் ஐதரசன் இருக்கிறது. ஐதரசனின் கருவான புரோத்தன் ஒரு குட்டிப் பம்பரம்போலச் சுழன்றுகொண்டே இருக்கும் குட்டிக் காந்தம். சாதாரணமாக இவை ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருக்கும். பலமான காந்தத்துக்குள் ஆளைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தால் மிகச் சிறிய ஒரு பங்கு அதிகமாகக் காந்தத்தின் திசைக்குத் திரும்பிக்கொள்ளும், அந்தச் சிறிய பங்கே படத்துக்குப் போதும்.

இனி ஊஞ்சலை நினையுங்கள். கண்டபடி தள்ளினால் ஊஞ்சல் உயராது, அது ஆடுகிற தாளத்துக்கே தள்ளினால்தான் உயரும். அதுதான் பரிவு. 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப் பலத்தை அளக்கிற அலகு) காந்தத்தில் ஐதரசனின் தாளம் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் தடவை, அதாவது 64 மெகாஹேட்ஸ், நாங்கள் கேட்கிற எஃப்எம் வானொலிக்குக் கொஞ்சம் கீழே. அந்த அலைவரிசையில் வானொலி அலையை அனுப்பினால் புரோத்தன்கள் சக்தியை வாங்கிச் சாயும். அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டே திருப்பி ஒரு மெல்லிய சமிக்ஞை கொடுக்கும். நெஞ்சின்மேல் வைக்கிற தட்டையான கவசம் மாதிரியான சாமான் அந்தச் சமிக்ஞையைப் பிடிக்கிற ஏரியல்.

திரும்புகிற வேகம் ஒவ்வொரு திசுவுக்கும் ஒவ்வொரு மாதிரி. கொழுப்பு சட்டென்று திரும்பும், தண்ணீர் மெதுவாக. வீங்கிய தசையில் தண்ணீர் அதிகம், அது ஒரு மாதிரி. தழும்பு இன்னொரு மாதிரி. எம்ஆர்ஐ திசுவை இனம் பிரித்துச் சொல்வது இந்த வேக வித்தியாசத்தை வைத்துத்தான்.

இதைப் படமாக்கும் வழியை 1973இல் போல் லவுட்டபேர் காட்டினார், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அதை வேகப்படுத்தும் கணக்கைப் போட்டார், இருவருக்கும் 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

துடிக்கிற இதயத்தை அசையாமல் பிடிப்பது

மூளையோ முழங்காலோ சும்மா கிடக்கும், படம் எடுக்கலாம். இதயம் அப்படியில்லை. நிமிடத்துக்கு எழுபது தடவை துடிக்கிறது, போதாததற்கு மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் போகிறது. எம்ஆர்ஐயோ மெதுவான மெஷின்.

உரலில் நெல் குத்துகிற உலக்கையைத் தெளிவாகப் படம் பிடிக்க வேண்டும், உங்கள் கமரா மிகவும் மெதுவானது என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக்கை உச்சிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் படத்தின் ஒரு கீற்றை மட்டும் எடுப்பீர்கள். பத்துக் குத்தில் பத்துக் கீற்று, சேர்த்தால் உச்சியில் நிற்கிற உலக்கையின் முழுப்படம். இங்கே உலக்கை எப்போது உச்சிக்குப் போகிறது என்று சொல்வது நெஞ்சில் ஒட்டுகிற ஈசீஜி வயர். மூச்சை 10, 15 செக்கன் அடக்கச் சொல்வதும் இதற்காகத்தான். குத்துகிறவரின் தாளம் குழம்பினால் கீற்றுகள் பொருந்தாது, அதுபோல நாடித்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குப் படம் கலங்கும், அதைச் சமாளிக்க வேறு முறைகள் இருக்கின்றன.

இப்படி இதயத்தின் அடியிலிருந்து நுனிவரை, ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் தடிப்பில், பாணைத் துண்டு துண்டாக வெட்டுவதுபோல எடுத்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு துண்டின் பரப்பையும் கூட்டினால் இதயவறையின் கொள்ளளவு கிடைக்கும். ஒரு துடிப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு இரத்தம் வெளியே போகிறது என்ற கணக்கை எக்கோவும் தரும், ஆனால் அது அறையின் வடிவத்தை ஊகித்துப் போடுகிற கணக்கு. எம்ஆர்ஐயில் ஊகம் இல்லை, அதனால்தான் இந்த அளவில் மற்றச் சோதனைகளை இதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள்.

ஒரு ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ மெஷின் இருக்கிறது என்பதற்காக அங்கே இதய எம்ஆர்ஐ எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. இதயத்துக்கான மென்பொருள் வேண்டும், ஈசீஜியோடு இணைக்கிற வசதி வேண்டும், எடுக்கப் பழகிய ஆள் வேண்டும், எடுத்ததை வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும். "பக்கத்திலேயே மெஷின் இருக்கு, ஏன் எங்களைத் தூரத்துக்கு அனுப்புகினம்?" என்பதற்குப் பல வேளைகளில் இதுதான் விடை.

வெள்ளையாய்த் தெரிகிற தழும்பு

முதல் கேள்விக்கான முழுப் பதில் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, இதற்காகத்தான் பெரும்பாலும் இந்த ஸ்கானே எழுதப்படுகிறது.

கையில் ஊசி வழியாகக் கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்தை ஏற்றுவார்கள். வெறும் கடோலினியம் நஞ்சு, அதனால் இன்னொரு மூலக்கூறுக்குள் பூட்டி வைத்துத்தான் கொடுப்பது. அது இரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போகும், உயிரோடு இருக்கிற கலத்துக்குள்ளே மட்டும் போகாது. நல்ல இதயத் தசையில் கலங்கள் நெருக்கி அடுக்கியிருக்கும், இடையில் இடம் குறைவு, வந்த மருந்து சீக்கிரம் கழுவப்பட்டுப் போய்விடும். தசை செத்த இடத்தில் கலங்களின் சுவர் உடைந்திருக்கும், பிறகு தழும்பானபோது இடைவெளி கூடியிருக்கும். அங்கே மருந்து புகுந்து தங்கிவிடும்.

குளத்துத் துருசைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டுப் பிறகு மறித்துவிட்டால், மேட்டுக்காணி வடிந்துவிடும், பள்ளக்காணியில் தண்ணீர் தேங்கி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து அணைக்கட்டில் ஏறிப் பார்த்தால் எது பள்ளம் என்று மினுங்குகிற தண்ணீரே காட்டிக் கொடுக்கும். இதிலும் மருந்து ஏற்றிய உடனே பார்க்க மாட்டார்கள். 10, 15 நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள், நல்ல தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும்.

அந்த வெள்ளை எங்கே இருக்கிறது, எவ்வளவு தடிப்பு என்பதில் பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது.

1. நாடி அடைத்தால் தசை உள்பக்கத்திலிருந்து சாகத் தொடங்கி வெளிப்பக்கம் நோக்கிப் பரவும். ஆகவே வெள்ளை உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டு, ஒரு நாடியின் பிரதேசத்துக்குள் இருந்தால் அது மாரடைப்பின் தழும்பு. அஞ்சியோகிராம் சுத்தமாக இருந்தாலும் அப்படித்தான்.

2. உள்விளிம்பை விட்டுவிட்டுச் சுவரின் நடுவிலோ வெளிவிளிம்பிலோ திட்டுத்திட்டாக இருந்தால் பழி குழாய் அடைப்பின்மேல் விழாது. தசை அழற்சி, பரம்பரைத் தசைநோய்கள் போன்றவற்றை யோசிப்பார்கள். தசை அழற்சியைப் படத்தில் எப்படி உறுதிசெய்வது என்பதற்கு 2009இல் ஒரு விதித்தொகுப்பு வந்தது, 2018இல் அதைத் திருத்தினார்கள். வீக்கத்துக்கு ஒரு சான்று, காயத்துக்கு ஒரு சான்று என இரண்டும் இருந்தால் அது பலமான முடிவு.

3. பரம்பரையாகத் தசை தடிக்கிற நோயில், திடீர் மரண ஆபத்து யாருக்கு அதிகம் என்று கணக்கிடத் தழும்பின் அளவும் உதவுகிறது. அளவு அதிகமென்றால் நெஞ்சுக்குள் அதிர்ச்சி கொடுக்கும் கருவி வைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

4. மாரடைப்புத் தழும்பின் தடிப்பு, அந்தச் சுவர் திரும்ப வேலைசெய்யுமா என்று முன்கூட்டிச் சொல்கிறது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு ஆய்வில், சோர்ந்து கிடந்தும் தழும்பே இல்லாத பகுதிகளில் 78 வீதமானவை, பைபாஸ் செய்தோ ஸ்டென்ட் வைத்தோ இரத்தம் கொடுத்தபின் தேறின. சுவரின் முக்கால் பங்குக்குமேல் தழும்பாகிப் போயிருந்தவை ஏறக்குறைய ஒன்றும் தேறவில்லை.

நாலாவது விஷயத்தில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கான் எடுத்ததும் ஸ்டென்ட் வைத்துத்தான் ஆகவேண்டும் என்று நினைப்பீர்கள். 2022இல் பிரித்தானியாவில் 700 பேரோடு நடந்த ஆய்வொன்றில், இதயம் மிகவும் பலவீனமாகி, தசை உயிரோடும் இருந்தவர்களுக்கு ஸ்டென்ட் வைத்தபோது, நல்ல மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட மரணமோ ஆஸ்பத்திரி அனுமதியோ குறையவில்லை. ஆகவே தசை உயிரோடு இருக்கிறது என்பது ஒரு தகவல். அதை வைத்து என்ன செய்வது என்பது இன்னொரு தீர்மானம்.

வலி தெரியாத மாரடைப்பும் இந்தப் படத்தில் அகப்படும். ஐஸ்லாந்தில் 936 முதியவர்களுக்கு இந்த ஸ்கானை எடுத்தார்கள். 9.7 வீதமானவர்களுக்கு மாரடைப்பு வந்தது ஏற்கெனவே தெரியும். இன்னும் 17 வீதமானவர்களின் இதயத்திலும் மாரடைப்புத் தழும்பு இருந்தது, அவர்களுக்கோ வைத்தியர்களுக்கோ அது தெரிந்திருக்கவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி மழுங்கிவிடுவதால் இப்படி நடக்க வாய்ப்புக் கூட. வாய்வு என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்த இரவுகளில் சில எதுவாக இருந்திருக்கும் என்று யோசிக்க வைக்கிற கணக்கு.

தேத்தண்ணியை நிறுத்தச் சொல்வது ஏன்

குழாயில் அடைப்பு இருக்கிறது, ஆனால் அது தசையைப் பட்டினி போடுகிற அளவுக்கா என்று அறிய இன்னொரு முறை இருக்கிறது. அடினோசின் என்ற மருந்தைச் சில நிமிடம் நாளத்தில் ஏற்றினால் நல்ல நாடிகள் விரிந்து இரத்தத்தை அள்ளிக் கொடுக்கும், ஒடுங்கிய நாடியால் அது முடியாது. அந்த நேரத்தில் கடோலினியத்தை ஏற்றிப் பார்த்தால் பட்டினி கிடக்கிற பகுதி கறுப்பாகப் பின்தங்கும். 2012இல் வெளிவந்த, 752 பேரோடு இங்கிலாந்தில் நடந்த ஆய்வு, இந்த முறை அணுக்கதிர் மருந்து கொடுத்து எடுக்கிற பழைய ஸ்கானைவிடக் கூடுதலாக நோயைக் கண்டுபிடிப்பதைக் காட்டியது.

மருந்து ஓடும்போது முகம் சூடாகும், நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும். பயப்பட ஒன்றுமில்லை, நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். இழுப்பு (ஆஸ்துமா) இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்புறம் தேத்தண்ணி, கோப்பி, கோலா, சொக்லேற்: இவற்றில் இருக்கும் கஃபீன் அடினோசினின் வேலையைக் கெடுக்கும், அதனால் 12 மணி நேரம், சில இடங்களில் 24 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். விடியப்புறம் பஸ் ஏறும்போது குளிருக்கு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போய், சோதனை செய்ய முடியாமல் திரும்பி வருவது வீண் அலைச்சல். தண்ணீர் குடிக்கலாம்.

இரும்பு படிவதை அளக்கும் முறையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயால் அடிக்கடி இரத்தம் ஏற்றுகிறவர்களுக்கு இதயத்தில் இரும்பு சேரும், சமிக்ஞை மங்கிப்போகிற நேரத்தை எம்ஆர்ஐ அளக்கும், 20 மில்லிசெக்கனுக்குக் கீழே போனால் இரும்பு படிகிறது, 10க்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் ஆபத்து நெருங்கிவிட்டது.

உடம்பில் செல் துண்டு இருந்தால்

இப்போது இரண்டாவது கேள்வி. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப் புலத்தைப்போல 30 ஆயிரம் மடங்குக்கு மேல். இந்தக் காந்தத்துக்கு சுவிட்ச் போட்டு நிறுத்துகிற வழக்கம் கிடையாது. திரவ ஈலியத்தில், ஏறத்தாழ கழித்தல் 269 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்கிற கம்பிச்சுருளில் மின்னோட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், மெஷின் சத்தமில்லாமல் இருக்கிற நடுச்சாமத்திலும் காந்தம் விழித்துத்தான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளியான உறவினரோடு போன ஒருவர் ஒட்சிசன் சிலிண்டரைக் கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தபோது சிலிண்டரோடு மெஷினுக்குள் இழுக்கப்பட்டு இறந்துபோனார். காவலுக்குப் போகிறவர்களும் வாசலோடு நிற்க வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

எறிகணையின் ஓடு பெரும்பாலும் உருக்கு. உருக்கைக் காந்தம் இழுக்கும். சன்னம் என்றால் ஈயமும் செம்பும்தானே, அவற்றைக் காந்தம் இழுக்காதே என்று சிலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. ஏகே ரகத் துப்பாக்கிகளின் சன்னங்களில் உள்ளே உருக்குத் தண்டு இருப்பது சாதாரணம், ஆகவே ஊகத்தில் விடக்கூடாது.

அப்படியென்றால் துண்டு உள்ள எவருக்கும் எம்ஆர்ஐ எடுக்கவே முடியாதா? முடியும், பலருக்கு. தீர்மானிப்பது துண்டின் இடம்.

1. தொடையிலோ புட்டத்திலோ தோளிலோ தசைக்குள் வருடக்கணக்காகக் கிடக்கிற துண்டைச் சுற்றி உடம்பே நாரால் ஒரு உறை கட்டியிருக்கும். அது அசைந்து ஆபத்து விளைவிக்கிற வாய்ப்புக் குறைவு. இழுவையோ சூடோ தெரிந்தால் உடனே அழுத்தச் சொல்லிக் கையில் ஒரு மணி கொடுத்து எடுப்பார்கள்.

2. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய்களுக்குப் பக்கம் இருந்தால் கதை வேறு. ஒரு மில்லிமீற்றர் திரும்பினாலே போதும். கண்ணுக்குள் இருந்த சின்ன இரும்புத் துணிக்கை அசைந்து பார்வை போன சம்பவம் 1980களிலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கண்ணில் பழைய காயம் இருந்தால் எக்ஸ்ரே பார்க்காமல் உள்ளே விடக்கூடாது.

3. நெஞ்சில், இதயத்துக்குக் கிட்ட இருந்தால் இரட்டைப் பிரச்சினை. ஆபத்து ஒருபுறம், மறுபுறம் அந்த இரும்பு தன்னைச் சுற்றியுள்ள படத்தையே கறுப்பு ஓட்டையாக விழுங்கிவிடும். இடம் சாதகமாக இல்லையென்றால் எடுத்தும் பலன் இல்லை, சீரீ ஸ்கானோ வேறு வழியோ பார்ப்பதுதான் புத்தி.

4. முன்பு ஒரு தடவை 1.5 டெஸ்லாவில் பிரச்சினையின்றி எடுத்தேன் என்பது நல்ல தகவல், ஆனால் 3 டெஸ்லா மெஷினுக்கு அது உத்தரவாதம் ஆகாது. இழுவை மிகவும் பலமாக இருப்பது, ஆள் படுத்து உள்ளே போகிற மெஷின் குகையின் வாசலடியில், அதாவது படுக்கை உள்ளே நகரும் நேரத்தில்.

இங்கே இரண்டு கூட்டத்தாரைப் பற்றி யோசிக்கிறேன். 2009இல், போரின் கடைசிக் கட்டத்தில், கைக்குழந்தையாகவோ சின்னப் பிள்ளையாகவோ காயப்பட்டு இன்று வளர்ந்தவர்களாக இருக்கிறவர்கள் ஒரு கூட்டம்: உடம்பில் ஒரு தழும்பு இருக்கும், உள்ளே துண்டு இருக்கிறதா என்று அவர்களுக்கே தெரியாது. அம்மாவிடமோ சித்தியிடமோ கேட்டுக்கொண்டு போக வேண்டும், கேட்க ஆள் இல்லாவிட்டால் தழும்பைக் காட்டி எக்ஸ்ரே கேட்க வேண்டும். இன்னொரு கூட்டம், துண்டு இருப்பது நன்றாகத் தெரிந்தும் சொல்லத் தயங்குகிறவர்கள். காயத்தைச் சொன்னால் எங்கே பட்டது, எப்போது பட்டது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று பின்னால் கேள்விகள் வருமோ என்ற பயம், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று வன்னியில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஸ்கான் படிவத்துக்கு வேண்டியது துண்டு இருக்கிறதா, எந்த இடத்தில் என்ற இரண்டு பதில்கள் மட்டும். எப்படிப் பட்டது என்று எழுத அதற்குள் அவசியம் இல்லை. தனியாகச் சொல்ல விரும்பினால் கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுச் சொல்லலாம். சொல்லாமல் மட்டும் படுக்காதீர்கள்.

வெளியே இருக்கிற இரும்பையும் மறந்துவிடக்கூடாது. செயற்கைக் காலைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், உலோகமில்லாத சக்கர நாற்காலி அங்கே தருவார்கள். தாலிக்கொடியில் பொன் இருந்தால் பொன்னைக் காந்தம் இழுக்காது, அதில் கொளுவியிருக்கிற ஊசியை இழுக்கும். அரைஞாண், அச்சரக்கூடு, கொண்டை ஊசி எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைப்பது நல்லது. ஸ்டென்ட், நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தபோது போட்ட கம்பி, செயற்கை வால்வு, எலும்புக்குப் பூட்டிய பிளேட் பெரும்பாலும் தடையில்லை, ஆனால் விவரம் காட்ட வேண்டும். பழைய பேஸ்மேக்கர்களுக்கு இந்த அறை பொதுவாக ஆகாது. புதியவற்றில் பலவற்றை நிபந்தனையோடு விடலாம், அதன் அட்டையில் எழுதியிருக்கும்.

சிறுநீரகம் பழுதானவர்கள்

வவுனியாவின் சில பகுதிகளிலும் அதை ஒட்டிய வடமத்திய மாகாணத்திலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். கடோலினியத்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது முடியாதபோது பூட்டிலிருந்து கழன்ற கடோலினியம் தோலையும் மூட்டையும் கல்லாக இறுக்குகிற ஒரு கடுமையான நோயைக் கொண்டுவரலாம், இந்தத் தொடர்பு 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. பூட்டு இறுக்கமான புதிய வகை மருந்துகளில் அது மிகவும் அரிது. ஆனாலும் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே அண்மையில் எடுத்த கிரியட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) முடிவு கையில் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்தைக் கூடியவரை தவிர்ப்பார்கள்.

யாருக்கு இது தேவையே இல்லை

நெஞ்சுவலி வந்து கொண்டிருக்கிறவருக்கு எம்ஆர்ஐ பற்றிப் பேசுவதே பிழை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் ஏற்றி, ஈசீஜி எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வாதக்காய்ச்சலால் வால்வு பழுதான பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எக்கோவே போதும். அஞ்சியோகிராமில் தெளிவான அடைப்பு, எக்கோவில் நன்றாக இயங்குகிற சுவர் என்றாலும் இதற்கு வேலையில்லை. பயமாக இருக்கிறது, எதற்கும் ஒருக்கா எடுத்துப் பார்ப்போம் என்று கடன்பட்டுத் தனியாரிடம் போய் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன், விடை வேண்டிய கேள்வி ஒன்று இருந்தால்தான் இந்தப் படத்துக்குப் பயன் உண்டு. "இந்த ஸ்கானில் எதைத் தேடுறீங்கள் டொக்டர்?" என்று கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

போவதென்று முடிவானால்

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வழியே 65 கிலோமீற்றர் அளவில் இருக்கும், கொழும்பு என்றால் 300ஐத் தாண்டும். ஒரு நாள் கூலி போகும், கூட வருகிறவருடைய கூலியும் போகும். அதனால் ஒரே பயணத்தில் காரியம் முடிய வேண்டும்.

1. கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரியால் விட்டபோது தந்த டயக்னோசிஸ் காட், ஸ்டென்ட் அல்லது பேஸ்மேக்கர் அட்டை, பழைய எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள்.

2. துண்டு இருப்பவர்கள், இருக்கலாம் என்று சந்தேகிப்பவர்கள், ஊர் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று திகதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய்த் தெரியவந்தால் அன்றைய பயணம் போச்சு.

3. உள்ளே 45 நிமிடம் தொடங்கி ஒரு மணி நேரம் போகும். குகையின் வாய் 60, 70 சென்ரிமீற்றர் அகலம்தான். பங்கருக்குள் இருந்த நினைவு வருகிறவர்களும் உண்டு, போதாததற்கு மெஷின் அடிக்கிற சத்தமும் டக்டக்கென்று தொடர்ந்து விழும். இதை வெட்கப்படாமல் முதலிலேயே சொன்னால் காதுக்கு அடைப்பான் தருவார்கள், எந்தச் சத்தம் எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டே எடுப்பார்கள், தேவையென்றால் இலேசாக மயக்கம் தருகிற மருந்து கொடுப்பதைப் பற்றிப் பேசலாம். நிறுத்தச் சொல்லும் மணி கையிலேயே இருக்கும்.

4. மூச்சை அடக்கி வைக்க வீட்டில் பழகுங்கள். விட்ட பிறகு 15 செக்கன், ஒரே அளவில், திரும்பத் திரும்ப.

5. முடிந்து வரும்போது படங்கள் உள்ள சீடியைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை டெஸ்லா மெஷினில் எடுத்தது, துண்டு எந்த இடத்தில் இருக்கிறது, எடுக்கும்போது ஏதாவது உணர்ந்தீர்களா என்ற மூன்றையும் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், ஏனென்றால் ஐந்து வருடம் கழித்து முதுகுக்கோ தலைக்கோ எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது வாசலில் நிற்கிறவர் இதே கேள்வியோடுதான் நிற்பார்.